மாஸ்டர்ஸ், பி.எச்.டி படிக்கப் போறீங்களா? உங்க பட்டத்துக்கு யார் பொறுப்பு?

டிகிரி முடிச்சாச்சு, ஜார்ஜ்டவுன்ல வேலையும் கிடைச்சாச்சு. அடுத்து மாஸ்டர்ஸ் செய்யலாமான்னு யோசிக்கிறீங்க. கட்டணம் எவ்வளவு, வகுப்பு வார இறுதியில் நடக்குமா, எத்தனை ஆண்டு ஆகும்? பெரும்பாலும் நாம் விசாரிப்பது இவற்றைத்தான்.

இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டம் செல்லும் என்று சொல்வது யார்? அதன் தரத்தைக் கவனிப்பது யார்?

சுருக்கமாக

• மேற்பட்டப் படிப்புகளுக்கு இரண்டு அடுக்குக் கண்காணிப்பு உண்டு. ஒன்று பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் குழுக்கள், இன்னொன்று வெளியில் இருக்கும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.

• பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யு.எஸ்.எம்), தன் படிப்புகளைத் தானே அங்கீகரிக்கும் தகுதியை 2010இல் பெற்றது.

• எந்தப் படிப்பாக இருந்தாலும், சேருவதற்கு முன் எம்.கியூ.ஏ பதிவேட்டில் நீங்களே சரிபார்க்கலாம்.

பல்கலைக்கழகத்துக்குள் என்ன நடக்கிறது?

யு.எஸ்.எம்மை எடுத்துக்கொள்வோம். 1969இல் தொடங்கப்பட்ட நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் இது. முதலில் பினாங்குப் பல்கலைக்கழகம் என்றே பெயர். இப்போது மிண்டனில் முதன்மை வளாகமும், நிபோங் திபாலில் பொறியியல் வளாகமும், கிளந்தான் குபாங் கெரியானில் மருத்துவ வளாகமும் இருக்கின்றன.

இங்கே ஒரு புது மாஸ்டர்ஸ் படிப்பைத் தொடங்க ஒரு பேராசிரியர் ஆசைப்பட்டால் மட்டும் போதாது. முதலில் அந்தத் துறையின் விரிவுரையாளர்கள் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுத வேண்டும். எதற்காக இந்தப் படிப்பு, யார் கற்பிப்பார்கள், எப்படி மதிப்பிடுவார்கள், படித்தவர்களுக்கு வேலை எங்கே என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் வேண்டும். துறைக்கு வெளியே இருக்கும் வல்லுநர்களின் கருத்தும் கேட்கப்படும். அதன் பிறகு கோப்பு படிப்படியாக மேலே போய், கடைசியில் செனட்டுக்கு வரும். கல்வி விஷயங்களில் பல்கலைக்கழகத்தின் உச்ச அமைப்பு செனட்தான்.

படிப்பு தொடங்கிய பிறகும் குழுக்களின் வேலை முடிவதில்லை. ஆய்வு மாணவர் என்றால் அது உங்கள் வாழ்க்கையையே நேரடியாகத் தொடும். உங்கள் மேற்பார்வையாளருக்குத் தகுதி உண்டா? ஆய்வு முன்மொழிவு தேறுமா? முன்னேற்றம் போதுமா? ஆய்வேட்டை யார் திருத்துவார்கள்? இதையெல்லாம் ஒரே ஆள் முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் குழு. ஆய்வேட்டைச் சோதிப்பவர்களில் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவரும் இருப்பார். 'வைவா' எனும் வாய்மொழித் தேர்வில் நம்மைக் கேள்விகளால் துளைப்பதும் இவர்கள்தான்.

"ஏன் இவ்வளவு இழுக்குது?" என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. ஆனால் மேற்பார்வையாளருடன் ஒத்துப்போகவில்லை என்றாலோ, அவர் வேலை மாறிப் போய்விட்டாலோ, நீங்கள் முறையிடவும் மாற்று ஏற்பாடு கேட்கவும் இதே அமைப்புதான் வழி.

எம்.கியூ.ஏ எங்கே வருகிறது?

முன்பு தனியார் கல்லூரிகளை 'லான்' எனப்பட்ட தேசிய அங்கீகார வாரியமும், அரசுப் பல்கலைக்கழகங்களை உயர்கல்வி அமைச்சின் தர உறுதிப் பிரிவும் தனித்தனியே கவனித்தன. இரண்டையும் இணைத்து 2007 நவம்பர் 1ஆம் தேதி எம்.கியூ.ஏ உருவானது. அதற்கான சட்டம், 2007ஆம் ஆண்டு மலேசியத் தகுதி நிறுவனச் சட்டம் (சட்டம் 679).

எம்.கியூ.ஏ கையில் இருக்கும் அளவுகோல் மலேசியத் தகுதிக் கட்டமைப்பு. மொத்தம் 8 நிலைகள். டிப்ளோமா 4ஆம் நிலை, இளங்கலை 6, மாஸ்டர்ஸ் 7, முனைவர் பட்டம் 8.

மேற்பட்டப் படிப்புகளில் மூன்று வழிகள் உண்டு: பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்தது. பாடவழி, கலப்பு மாஸ்டர்ஸுக்குக் குறைந்தது 40 கிரெடிட், அதே முறைகளில் முனைவர் பட்டத்துக்கு 80 கிரெடிட் வேண்டும். முழு ஆய்வுவழிப் பட்டத்துக்குக் கிரெடிட் கணக்கு இல்லை. அங்கே ஆய்வேடுதான் எல்லாம்.

சுய அங்கீகாரமா? தன் தேர்வுத்தாளைத் தானே திருத்துவது போல இல்லையா?

நியாயமான கேள்வி. 2010இல் யு.எஸ்.எம் உட்பட 8 பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தகுதி கிடைத்தது. ஒவ்வொரு படிப்பையும் எம்.கியூ.ஏவிடம் கொண்டுபோய் நிற்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகமே மதிப்பிட்டு அங்கீகரிக்கலாம்.

ஆனால் இது சும்மா கிடைப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் தர முறை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எம்.கியூ.ஏ முதலில் நிறுவனத்தையே தணிக்கை செய்யும். தேறினால்தான் தகுதி. கிடைத்த பிறகும் தேசியக் கட்டமைப்பையும் தர விதிகளையும் மீற முடியாது. மருத்துவம், பொறியியல் போன்ற தொழில்முறைப் படிப்புகளில் அந்தந்தத் தொழில் மன்றங்களின் ஒப்புதலும் தேவை.

அதாவது, வெளியார் கண் ஒவ்வொரு படிப்பின் மீதும் விழுவதற்குப் பதிலாக, குழுக்களின் மீது விழுகிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் குழு தூங்கினால் பாதிப்பு பெரிது. விரிவுரையாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கடைசியில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் உட்காருவது மாணவர்தான்.

தனியார் நிறுவனங்கள்?

ஜார்ஜ்டவுனில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆர்.சி.எஸ்.ஐ - யு.சி.டி மலேசிய வளாகம் போன்றவை இருக்கின்றன. சுய அங்கீகாரத் தகுதி இல்லாத நிறுவனங்கள் ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும்.

முதலாவது தற்காலிக அங்கீகாரம். குறைந்தபட்சத் தரம் இருக்கிறது, மாணவர்களைச் சேர்க்கலாம் என்று பொருள். இரண்டாவது முழு அங்கீகாரம். முதல் பிரிவு மாணவர்கள் இறுதியாண்டுக்கு வரும்போது, சொன்னபடி நடந்திருக்கிறதா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். அதற்குப் பிறகும் அவ்வப்போது தணிக்கை தொடரும்.

நீங்கள் முதல் பிரிவு மாணவர் என்றால், முழு அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்பதைத் தெரிந்தே சேருகிறீர்கள். அது தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தியாவில் 1994இல் தொடங்கிய நாக் முழுக் கல்வி நிறுவனத்தையும் மதிப்பிடுகிறது. அமெரிக்காவில் அங்கீகாரம் தருபவை அரசுத் துறைகள் அல்ல, தனி அமைப்புகள். அந்த அமைப்புகளைத்தான் மத்தியக் கல்வித் துறை அங்கீகரிக்கிறது. பிரிட்டனில் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களே தங்கள் தரத்துக்குப் பொறுப்பு. யு.எஸ்.எம்மின் இப்போதைய நிலை இதற்குக் கொஞ்சம் நெருக்கம்.

அங்கீகாரம் இல்லை என்றால் என்ன ஆகும்?

அரசு வேலை, உபகாரச் சம்பளம், அடுத்த கட்டப் படிப்பு என எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வரும். அங்கீகாரம் இல்லாத மாஸ்டர்ஸை வைத்து முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பது சிரமம். போன பணத்தைவிடப் போன வருஷங்கள்தான் வலிக்கும்.

பெயரைப் பார்த்து மட்டும் நம்பவும் முடியாது. 2019இல் துணை அமைச்சர் ஒருவரின் பட்டம் சர்ச்சையானது. அது பிரிட்டனின் புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தந்த பட்டம் அல்ல, கேம்பிரிட்ஜ் என்ற சொல்லைப் பெயரில் கொண்ட வேறொரு நிறுவனம் தந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சேருவதற்கு முன் என்ன செய்யலாம்?

1. எம்.கியூ.ஏ இணையத்தளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேட்டைத் திறந்து, படிப்பின் பெயரைத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

2. படிப்பின் முழுப் பெயர், நிலை, நிறுவனத்தின் முகவரி மூன்றும் விளம்பரத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

3. தற்காலிகமா, முழு அங்கீகாரமா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

4. ஆய்வுவழி என்றால், மேற்பார்வையாளர் யார், அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள், முன்னேற்றத்தை எந்தக் குழு எப்போது பார்க்கும் என்று விசாரியுங்கள்.

5. வெளிநாட்டுப் பட்டமாக இருந்து, அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பொதுச் சேவைத் துறை அதை ஏற்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

பதிவேட்டில் தேடப் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கட்டுவதற்கு முன் அந்தப் பத்து நிமிஷத்தை ஒதுக்குங்க.