டெம்போவும் கோட்டையும்: பழுது பார்ப்பது பற்றி ஒரு வரலாற்றுப் பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. "டெம்போ" என்கிறோமே, அது எந்த மொழிச் சொல்? வீடு மாற்ற டெம்போ, செங்கல் ஏற்ற டெம்போ, கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டுவர டெம்போ. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் வாயில் அது டெம்போதான். உண்மையில் அது ஒரு ஜெர்மன் தொழிற்சாலை தன் வண்டிகளுக்கு வைத்த பெயர். ஹாம்பர்க் நகரத்தின் ஹார்பர்க் பகுதியில் விடால் என்பவரின் குடும்பம் நடத்திய தொழிற்சாலை அது.

ஜெர்மனிக்காரன் ஏன் மூன்று சக்கரத்தில் வண்டி செய்தான்? எல்லாம் சட்டம் செய்த வேலை. 1928-இல் அங்கே ஒரு விதி வந்தது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக, 200 சிசிக்கு மேற்படாத இன்ஜினோடு இருந்தால் வாகன வரி கிடையாது, ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். உடனே சின்ன வியாபாரிகள் மூன்று சக்கரத்துக்கு வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர், காய்கறிக்காரர், கரி விற்பவர் எல்லோருக்கும் குதிரை வண்டிக்குப் பதிலாக டெம்போ கிடைத்தது. பிறகு இன்ஜின் பெரிதாகி 400 சிசி ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடே இடிபாடாகக் கிடந்த நேரத்தில், 1949-இல் "ஹன்சியாட்" என்ற மூன்று சக்கர வண்டி வந்தது.

அந்த ஹன்சியாட்தான் நம் நாட்டுக்கு வந்தது. 1958-இல் பிரோடியா குடும்பத்தின் பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மானியர்களின் உதவியோடு பம்பாய் கோரேகாவ்னில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு தொழிற்சாலை புனேக்குப் பக்கத்தில் ஆகுர்டிக்கு வந்தது. ஜெர்மனியில் ஐம்பதுகளிலேயே நின்றுவிட்ட வண்டி, இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது. பஜாஜ் டெம்போ 2005-இல் போர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கம்பெனி பெயரைக் கைவிட்டது, நாம் விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய மாணவர் ஒருவர், செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம், கேட்டார்: "சார், எங்க தாத்தாவோட டெம்போ களத்துக் கொட்டகையில கெடக்குது. தம்பி காயலான் கடைக்குப் போட்டுடலாம்னு சொல்றான். எனக்கு மனசு வரல. அது வெறும் இரும்பா, சரித்திரமா?"

நேரில் போய்ப் பார்த்தேன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இன்றைய ஆட்டோவில் இன்ஜின் பின்பக்கம் இருக்கும். இதில் எல்லாமே முன்சக்கரத்தின் மேல். இன்ஜின், கியர் பெட்டி, அங்கிருந்து சங்கிலி வழியாக முன்சக்கரத்துக்கு இழுவை. அதனால் பின்பக்கம் முழுக்கப் பாரத்துக்குத்தான். தரையை ஒட்டித் தாழ்ந்த மேடை. நெல் மூட்டையோ மல்லாட்டை மூட்டையோ தோளிலிருந்து அப்படியே இறக்கி வைக்கலாம். தார் போடாத ஏரிக்கரையிலும் வண்டிப்பாதையிலும் ஓட்டி, களத்திலிருந்து செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை கொண்டுவந்த வண்டி இது. ஏற்றத்தில் பாரம் பின்னால் அழுத்தினால் முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். அதற்காக இரண்டு பேர் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேடு பள்ளத்துக்கென்றே மூன்று சக்கர வண்டி செய்தவர்கள் ஜப்பானியர்கள். 1970-இல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் ஒரு வண்டியை இறக்கியது. வடிவமைத்தவர் ஒசாமு டகேயூச்சி. ஸ்பிரிங்கே கிடையாது. பலூன் மாதிரி உப்பிய, காற்று மிகக் குறைவாக அடைத்த டயர்களே குலுக்கலைத் தாங்கின. மணலிலும் பனியிலும் விளையாட்டாக ஓட்டினார்கள், கவிழ்ந்து நிறையப் பேர் அடிபட்டார்கள். மூன்று புள்ளியில் நிற்பது முக்காலி போல ஆடாது. ஆனால் வேகமாகத் திரும்பினால், முன்பக்கம் தாங்க ஒரே ஒரு சக்கரம்தான். கடைசியில் 1988-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே அந்த வண்டி விற்பனையே நின்றது. இன்று அங்கே பலர் அந்தப் பழைய வண்டிகளைத் தேடி எடுத்து, உடைந்த பாகங்களை ஒட்டிச் சரிசெய்து பாதுகாக்கிறார்கள். விளையாட்டு வண்டிக்கே அவ்வளவு மரியாதை. நெல் சுமந்த வண்டிக்கு நாம் என்ன மரியாதை தருகிறோம் என்பதுதான் என் கவலை.

மாணவர் வண்டியைக் கழற்ற ஒரு மூத்த மேஸ்திரியை அழைத்து வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் ஒவ்வொரு பாகமாக எடுத்துத் துடைத்து வைக்க வைக்க, எனக்குக் கல்வெட்டுப் படிப்பது போல இருந்தது.

சிலிண்டரை அளந்தார். இன்ஜின் தேய்ந்தால் சிலிண்டரை லேத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதுதான் ரீபோர். பிஸ்டன் தலையில் பொறித்திருந்த ஓவர்சைஸ் எண்ணைப் பார்த்து, "ரெண்டு தடவையாவது ரீபோர் ஆயிருக்கு. இன்னும் ஒரு தடவை தாங்கும், அப்புறம் ஸ்லீவ்தான்" என்றார். ஒரு குடும்பத்தின் எத்தனை அறுவடை அந்த அரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் ஓடுகிற உறையில் ஒரு விரிசல். அதன்மேல் எப்போதோ யாரோ பித்தளை வைத்துப் பற்றியிருந்தார்கள். அந்தப் பற்று இன்னும் கெட்டியாக இருந்தது, பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. வார்ப்பிரும்பில் வெல்டிங் லேசான வேலை இல்லை. விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினார். பாகத்தை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டார். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் வெடிக்கும்.

ரேடியேட்டரில் ஈயப் பற்று. பெட்ரோல் டேங்க்கில் உள்ளே துரு. ஜல்லிக்கல்லும் சங்கிலியும் போட்டுக் குலுக்கிக் கழுவினார். பல வருஷம் காலியாகக் கிடந்த டேங்க் ஆனாலும், உள்ளே தண்ணீர் நிரப்பி ஆவியை வெளியேற்றாமல் நெருப்பை அருகில் கொண்டுபோகவே இல்லை. வீட்டில் யாராவது இந்த வேலை செய்தால் இதை மறக்காதீர்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று இந்த வண்டியுடையதே இல்லை. ஏதோ ஒரு ஜீப்பின் பட்டையைக் கொல்லர் உலையில் காய்ச்சி அளவுக்கு வளைத்திருந்தார். மரமேடை உள்ளூர் ஆசாரி கைவேலை, ஜெர்மனியும் இல்லை, புனேயும் இல்லை.

இந்த இடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. பட்டறைக்கு வந்த இளைஞர் ஒருவர் நல்ல மனதோடு சொன்னார்: "எதுக்கு இவ்ளோ கஷ்டம்? புது டீசல் இன்ஜின் தூக்கி வெச்சுட்டா நாளைக்கே ஓடும்." தம்பியின் வாதமும் தப்பில்லை. ஒரு கொட்டகை நிறைய இடம் அடைக்கிறது, செலவு காயலான் கடை விலையைத் தாண்டிவிட்டது. மேஸ்திரி நிமிராமலே சொன்னார்: "புதுசு மாத்துறதுன்னா கடைக்காரர் போதும். மெக்கானிக் எதுக்கு?"

என் பதிலை நம் கோட்டையை வைத்துச் சொன்னேன். 2025 ஜூலையில் மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி. ஆனால் ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பது மராட்டியர் கட்டியது மட்டுமா? கோனார்கள் தொடங்கினார்கள். நாயக்கர்கள் பெருக்கினார்கள். பீஜப்பூர்க்காரர் பிடித்தார்கள். 1677-இல் சிவாஜி பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-இல் முகலாயர் கைக்குப் போனது. 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஒவ்வொரு கையும் அதில் தெரிகிறது, அதனால்தான் அது வரலாறு. பாகம் கழற்றிப் போனவர்களும் உண்டு. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் நம் ஊரிலிருந்து போனவைதானே!

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு 1964-இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் இரண்டு விதிகள் எனக்குப் பிடித்தவை. ஒன்று, ஒரு நினைவுச் சின்னத்தில் எல்லாக் காலத்தின் வேலைக்கும் மதிப்பு உண்டு. பிற்காலத்தது என்று தள்ளக் கூடாது. இரண்டு, இல்லாத பாகத்துக்குப் பதில் புதிது வைத்தால், அது மொத்தத்தோடு பொருந்தவும் வேண்டும், புதிது என்று தெரியவும் வேண்டும். அந்தப் பித்தளைப் பற்றையும் ஜீப் பட்டையையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அவற்றைப் பிடுங்கி எறிந்து "ஒரிஜினல்" ஆக்கினால், பம்பாயில் செய்த வண்டி கிடைக்கும். செஞ்சியில் உழைத்த வண்டி போய்விடும்.

சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 ஆண்டு தாண்டி இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதற்குத் தனி நம்பர் பிளேட்டும் உண்டு. ஆனால் அறிவிப்பில் சொன்னது இரண்டு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை. பணக்காரர் வீட்டுக் காருக்கும் ஆசைக்கு வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடம் உண்டு. உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்த மூன்று சக்கரத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. ராஜாவின் மதிலைக் காப்பாற்றுகிறோம், மூட்டை தூக்கியவனின் வண்டியை எடைக்குப் போடுகிறோம்.

மாணவரும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். வண்டி சாலைக்குப் போகாது, சொந்த நிலத்துக்குள் மட்டும். இன்ஜின் இப்போது ஓடுகிறது. பெட்ரோலில் ஆயில் கலந்த அந்த நீலப் புகை கிளம்பியதும் பாட்டி வெளியே வந்து நின்றுவிட்டார். முன்சக்கரத்துச் சங்கிலிப் பல்சக்கரம் மட்டும் பாக்கி. தேய்ந்த பற்களின் மேல் வெல்டிங் ஏற்றி மறுபடி பல் வெட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மாணவரிடம் மூன்று வேலை சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் அதேதான். கழற்றிய பழைய பாகம் எதையும் எறியாதீர்கள், சீட்டு கட்டி வையுங்கள். எந்தப் பாகத்தை யார், எப்போது, எப்படிச் சரிசெய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆசாரி, கொல்லர், லேத்துக்காரர் பெயர் அதில் இருக்கட்டும். கோட்டை கட்டிய கொத்தர்கள் பெயர் நமக்குத் தெரியாமல் போனது போதும்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ டெம்போ ஓட்டியிருந்தால், அவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். பழைய போட்டோ, ஆர்.சி. புத்தகம், பட்டறை ரசீது எது இருந்தாலும் படம் எடுத்துப் போடுங்கள். பல்சக்கரத்துக்குப் பல் வெட்டத் தெரிந்தவர் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். மேஸ்திரி காத்திருக்கிறார்.