கட்சி அபிமானமும் சம்பந்தமும்

நம்மவர் சம்பந்தம் பேசுங்கால் குலம், குணம், கல்வி ஆகியவற்றை விசாரிப்பது வழக்கம். அமெரிக்க ஐக்கிய மாகாணங்களிலோ கட்சியையும் கருதும் மனப்பான்மை வளர்ந்துளது. தம் மக்கள் மாற்றுக் கட்சிக் குடும்பத்தில் மணஞ்செய்வது தமக்கு அதிருப்தி என்றோர், 1960-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐவர் அளவே. 2010-ம் வருஷத்திலோ ரிபப்ளிகன் கட்சியாரில் நூற்றுக்கு 49 பேரும், டெமாக்ரடிக் கட்சியாரில் 33 பேரும் அங்ஙனம் கூறினர்.

இதன் காரணம் யாது? முன்னர்ப் பழமை பேணுவோரும் சீர்திருத்தம் விழைவோரும் இரு கட்சியிலும் கலந்திருந்தனர். 1964-ம் வருஷத்தில் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறிய பின், தென்மாகாண வெள்ளையர் பலர் டெமாக்ரடிக் கட்சியினின்றும் படிப்படியாக நீங்கினர். நாளடைவில் கொள்கையும் கட்சியும் ஒன்றாயின. மதப்பற்றும் இனவேற்றுமையும் அவற்றோடு சேர்ந்தன. தன்னை ஒத்தவன் ஒருவனையும் எதிர்க்கட்சியிற் காணாதவன், அக்கட்சியார் அனைவரையும் அயலாராகவே எண்ணத் தலைப்படுகிறான். கொள்கைப் பிணக்கு குடும்பப் பகையாக முதிர்வது இங்ஙனமே.

நம் சங்கத்தில் பல கட்சியாரும் ஒருங்கே அமர்கின்றனர். ஆயினும் தேர்தல் காலத்தில் சகோதரர் பேச்சற்றிருத்தல் நம் இல்லங்களிலும் நேர்கின்றது. வாக்கைத் தம் மனச்சாட்சிப்படி அளித்து, உறவை முன்போற் பேணுதல் அன்பர்தம் கடமையாகும்.