எட்டியும் தேற்றானும்: இலை, பூ, காய் கொண்டு இனங்காணல்

எட்டியும் தேற்றானும் ஸ்டிரிக்னாஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த காட்டு மரங்கள். எட்டியின் தாவரவியல் பெயர் ஸ்டிரிக்னாஸ் நக்ஸ்-வோமிகா. தேற்றானுடையது ஸ்டிரிக்னாஸ் பொட்டேட்டோரம். தென்னிந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளிலும், சோழமண்டலக் கரையோரக் கோயில்காடுகளிலும் இரண்டையும் காணலாம். எட்டிக்குக் காஞ்சிரை என்றும் பெயர் உண்டு. எட்டியின் விதை உயிரைக் குடிக்கும்; தேற்றானின் விதை கலங்கல் நீரைத் தெளிய வைக்கும். இத்தனை வேற்றுமை உள்ள இரு மரங்களும் இலையளவில் உடன்பிறந்தவர்களைப் போல் ஒத்திருப்பதால், பூவையும் காயையும் பார்க்காமல் பெயர் சொல்வது ஆபத்தானது.

இலை பேரினத்தைக் காட்டிக்கொடுக்கும். இரு மரங்களிலும் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால், அடிப்பக்கத்திலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கிளம்பி, ஓரத்தை ஒட்டி வளைந்து நுனியை நோக்கி ஓடுவது தெரியும். இந்த நரம்போட்டமே முதல் அடையாளம். இலந்தைக்கும் மூன்று நரம்பு உண்டு. ஆனால் அதன் இலைகள் மாறிமாறி நிற்கும், காம்படியில் முள்ளும் இருக்கும். இலவங்கப்பட்டை மரத்தின் இலையும் மூன்று நரம்போடு எதிரெதிராக நிற்பதுதான், கசக்கினால் மணக்கும். ஸ்டிரிக்னாஸ் இலையில் அந்த மணம் இல்லை. எட்டி இலை பொதுவாகப் பெரிது, அகன்றது, பளபளப்பானது. தேற்றான் இலை சிறியது, காம்பு மிகக் குட்டையானது. ஆனால் நிழலில் வளர்ந்த மரத்துக்கும் வெயிலில் நின்ற மரத்துக்கும் அளவு மாறும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. நாக்கில் வைத்துக் கசப்புப் பார்க்கும் பழக்கத்தை இந்தப் பேரினத்தில் அறவே கைவிட வேண்டும்.

பூக்கும் காலம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே: மாசி தொடங்கி கோடை வரை. எட்டியின் பச்சை கலந்த வெண்பூக்கள் கிளை நுனியில் கொத்தாக வரும். குழாய் நீளமாகவும் மடல்கள் சிறியனவாகவும் இருக்கும். தேற்றான் பூ இலையிடுக்குகளில் தோன்றும்; குழாய் குட்டை, நல்ல வாசனை. பூத்த கிளை கையில் இருந்தால், கொத்து நுனியில் இருக்கிறதா, இடுக்கில் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பது காய்தான். எட்டிக் காய் உருண்டை, வழவழப்பான கெட்டி ஓடு உடையது. பழுத்தால் ஆரஞ்சு நிறம் கொள்ளும், அளவிலும் சிறு ஆரஞ்சுப் பழத்தை ஒக்கும். பார்வைக்கு அத்தனை அழகு. உதவாத செல்வத்துக்கு இதை எடுத்துக்காட்டும் பழமொழி நம்மிடம் வழங்குவதும் அதனால்தான். உடைத்தால் வழுவழுப்பான வெண்சதைக்குள் சில விதைகள் பதிந்திருக்கும். ஒன்றைக் கழுவி உலர்த்திப் பார்த்தால் தட்டையான வட்டவில்லை. குறுக்களவு சுமார் 2 செ.மீ.; நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே சீராகப் படிந்த சாம்பல்நிற மயிர்களால் பட்டுத் துணிபோல் மின்னும். இருவாச்சிகள் சதையை உண்டு விதையைக் கக்கிவிடுகின்றன. தேற்றான் பழமோ நாவல்பழ அளவுகூடப் பெரும்பாலும் வராது, பழுத்தால் கறுக்கும், உள்ளே பெரும்பாலும் ஒரே விதை, அதுவும் உருண்டை.

எட்டி விதையின் நஞ்சு ஸ்டிரிக்னின், புரூசின் என்னும் இரண்டு ஆல்கலாய்டுகள். தண்டுவடத்தில் தசைகளை அடக்கி வைக்கும் நரம்புச் செய்தியை ஸ்டிரிக்னின் தடுத்துவிடுவதால் கடும் வலிப்பு உண்டாகி, மூச்சு நின்றுபோகிறது. தேற்றான் விதையில் ஸ்டிரிக்னின் இல்லை. மண்பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றினால், விதையிலுள்ள புரதமும் பசைப்பொருளும் நுண்ணிய மண்துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்யும்.

மரம் தெரியாமல் பட்டையை மட்டும் நம்பியதால் நேர்ந்த கேடு வரலாற்றில் பதிவாகியுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் காய்ச்சலுக்கு விற்ற அங்கஸ்துரா என்னும் தென்னமெரிக்க மரப்பட்டையோடு எட்டிப் பட்டை கலந்துவிட்டது. உட்கொண்டவர்கள் நஞ்சேறித் துடித்தார்கள். ஸ்டிரிக்னினை 1818-இல் பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லட்டியேயும் கவாந்துவும், மறு ஆண்டில் அந்தப் போலிப் பட்டையை ஆராய்ந்தார்கள். அது புரூசியா என்ற வேறொரு செடியினுடையது என்றெண்ணி, அதில் கிடைத்த பொருளுக்குப் புரூசின் என்று பெயர் வைத்தார்கள். அது எட்டியின் பட்டை என்பது பிறகுதான் தெரிந்தது.

மரத்தோடு இருக்கும்போது பட்டை ஓரளவு உதவும். எட்டியினுடையது மெல்லியது, சாம்பல் நிறம், ஏறக்குறைய வழவழப்பு. முதிர்ந்த தேற்றானுடையது தடித்து ஆழமாக வெடித்திருக்கும். பூவும் காயும் இல்லாத மாதங்களில் மரத்தடியில் தேடினால் பழைய விதைகள் கிடைக்கக்கூடும். நாட்டு மருந்துக் கடையில் தேற்றான்கொட்டை வாங்குவோரும் பானையில் தேய்க்குமுன் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: உருண்டையாக இல்லாமல் தட்டை வில்லையாக ஒன்று தென்பட்டாலும் அந்தப் பொட்டலத்தைப் பயன்படுத்தக்கூடாது.