சிங்க் அடைச்சுக்கிச்சா? ஆசிட் பாட்டிலை எடுக்கும் முன் இதைப் படிங்க!

பாத்திரம் கழுவி முடிச்சும் தண்ணி இறங்காமல் சிங்க்கிலேயே நிற்குதா? உடனே பாத்ரூம் ஆசிட்டைத் தேடுவதுதான் பலரின் பழக்கம். ஆனால், பெரும்பாலும் அடைப்பு இருப்பது சிங்க்குக்கு நேர் கீழே, கைக்கு எட்டும் தூரத்தில்தான். அதை எடுக்க ஆசிட் தேவையே இல்லை.

அடைப்பு எப்படி வருது?

முதல் எதிரி எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கோவையில் மார்கழி இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவது வழக்கம். அப்போது குழாயில் ஒட்டிய எண்ணெய் மெழுகு மாதிரி இறுகும். அதன்மேல் இட்லி மாவு, சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், டீத்தூள் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சிறுவாணித் தண்ணி மென்மையானது. உப்பு அதிகமான போர் தண்ணி புழங்கும் வீடுகளில் குழாய்க்குள் சுண்ணாம்புப் படிவமும் சேரும்.

சரிசெய்வது எப்படி?

1. முதலில் பாத்ரூம் தண்ணி சரியாகப் போகுதா என்று பாருங்கள். அங்கேயும் தேங்கினால் அடைப்பு வெளியே சேம்பரில் இருக்கலாம்.

2. சிங்க்கில் மட்டும்தான் என்றால் தண்ணியை மொண்டு ஊற்றிவிட்டு, ரப்பர் பம்ப் மூழ்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். ரெட்டை சிங்க் என்றால் இன்னொரு ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு, 15 முதல் 20 முறை வேகமாக அழுத்தி இழுங்கள்.

3. அசையவில்லையா? சிங்க்குக்கு அடியில் கிண்ணம் மாதிரி தொங்கும் பாட்டில் ட்ராப்புக்குக் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். கிண்ணத்தைக் கையால் திருகினாலே பெரும்பாலும் கழன்று வரும். கசடை எடுத்துக் கழுவி, வாஷரைச் சரியாக வைத்துத் திரும்ப மாட்டுங்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணி நிற்கணும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான்.

4. ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணி போகலைன்னா, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் கம்பியைச் சுவர்ப் பக்கக் குழாயில் விட்டுச் சுழற்றுங்கள்.

5. கடைசியாக, பாத்திர லிக்விட் கலந்த சூடான தண்ணியை ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி குழாய் இளகிப்போகும்.

சோடா உப்பும் வினிகரும்?

இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இறுகிய அடைப்பை அது கரைக்காது.

இதை மட்டும் செய்யாதீங்க

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டம் இல்லாத அடுப்படியில் அது நுரையீரலையே பாதிக்கும். அடைப்பு நீக்கும் பவுடர்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். அதன்மேல் ஆசிட் ஊற்றினால் சூடாகிப் பொங்கி முகத்தில் தெறிக்கலாம். ஸ்டீல் சிங்க்கையும் ஆசிட் அரிக்கும்.

தெரியாமல் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். ஏற்கெனவே மருந்து ஊற்றிய குழாயை நீங்கள் கழற்ற வேண்டாம். பிளம்பர் வந்தால் என்ன ஊற்றினீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

சேம்பர், செப்டிக் டேங்க் அடைப்பு என்றால் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். விஷவாயு உயிரையே பறிக்கும். இயந்திரம் மூலம் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

திரும்ப வராமல் இருக்க...

முன்பெல்லாம் கொங்கு வீடுகளில் அரிசி கழுவிய தண்ணியும் வடிச்ச கஞ்சியும் மாட்டுத் தாழிக்குப் போச்சு. பொடக்காலியில் பாத்திரம் விளக்கிய தண்ணி வாழைக்குப் பாய்ஞ்சுது. இன்று எல்லாமே ஒரு சின்னக் குழாயில்தான் போகுது. எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு ஜாலி போடுங்கள். மாசம் ஒருமுறை ட்ராப்பைக் கழற்றிக் கழுவினால் ஆசிட்டுக்கு வேலையே இருக்காதுங்க!