வாக்கெடுப்பும் சரக்கும்

முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு இறங்கும் காவிரியின் ஒரு கிளை, அரசலாறாய்க் காரைக்காலில் கடல் சேர்கிறது. 1954 வரை அது பிரெஞ்சு மண்.

1948இல் இந்தியாவும் பிரான்சும் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டன. சந்திரநாகூர் 1949இல் வாக்களித்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தள்ளிக்கொண்டே போனது. அதே ஆண்டு சுங்க ஒன்றியமும் முறிய, தண்ணீருக்கு இல்லாத எல்லை சரக்குக்கு வந்தது. புதுச்சேரிக்கு ரூபாய் நோட்டு வெளியிட்டது இந்தோசீனா வங்கி. கொடி மாறினால் அந்த நோட்டு என்னாகும்?

2014இல் ஸ்காட்லாந்து வாக்கெடுப்புக்கு முன் பவுண்டு சரிந்தது. சந்தை பயந்துபோச்சு என்றார்கள். இங்கே சந்தை பயப்படவில்லை. தங்கமும் வைரமும் கடத்திக் கொழுத்தது. நிச்சயமின்மையே முதல். இந்தியா சரக்கு வரத்தை நெருக்கியபோது அல்லாடியவன் கூலிக்காரன்தான்.

1954 அக்டோபர் 18, கீழூர்: வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். இணைப்புக்கு 170, எதிராக 8. விலை கொடுத்தவனை யாரும் கேட்கவேயில்லை.