கிரேன் நுழையாத தெரு

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதற்குத் தரப்பட்ட முதன்மையான வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. கொளுத்திய சாதியைத் தொட முடியாத அரசு கூரையை மாற்றியது. நம் மக்களின் வீட்டுப் பிரச்சினையைக் கட்டுமானப் பொருளின் பிரச்சினையாகச் சுருக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை.

இப்போது சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் வீடுகளைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். இது புதிதல்ல. பிரிவினை அகதிகளுக்காக டெல்லி ஜங்புராவில் நேரு அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலையையே நிறுவியது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் அதற்குப் பின்னால் இருந்தார். வார்த்த பலகைகள் விரிசல் விட்டன, திட்டம் நின்றது. அந்த ஆலை பின்னர் ஹிந்துஸ்தான் ஹவுசிங் ஃபாக்டரி ஆகி, வேறு கான்கிரீட் பொருள்களைச் செய்து பிழைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டின் பெரிய உதாரணம் பெரும்பாக்கம். ஆறு நகரங்களுக்கு அறிவிக்கப்பட்ட 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் சென்னைக்குக் கிடைத்தது இந்த முறை. 2021 ஜனவரி 1இல் அடிக்கல், 2022 மே 26இல் திறப்பு, 1,152 வீடுகள். வேகத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எழுந்த இடத்தைப் பாருங்கள். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்றக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்களை, அவர்களில் ஏராளமான தலித்துகளை, ஏற்கெனவே கொண்டுபோய் அடுக்கிய அதே ஊர் எல்லை. கூவம் கரையிலிருந்து வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணின் பஸ் நேரத்தை எந்தக் கிரேனும் குறைக்காது.

இதில் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. டன் கணக்கில் எடையுள்ள சுவரை டிரெய்லரில் ஏற்றிவந்து கிரேனால் தூக்கி நிறுத்த அகலமான சாலையும் காலி மைதானமும் வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் காற்றாலை இறக்கைகளை ஏற்றி வரும் நீண்ட டிரெய்லர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றுக்காகச் சாலை அகலமாகிறது, வளைவுகள் நிமிர்கின்றன. உப்பளத் தொழிலாளர் குடியிருக்கும் காலனித் தெருவிலோ ஆம்புலன்ஸே தயங்கித்தான் திரும்பும். எனவே இம்முறையில் கட்ட நினைக்கும் அதிகாரி இருக்கும் இடத்தில் கட்ட மாட்டார். காலி இடம் தேடுவார். காலி இடம் எப்போதும் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். கூடவே கொத்தனார், சித்தாள் வேலையும் குறையும். சித்தாள்களில் எத்தனை பேர் நம் பெண்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நல்ல வீடு மட்டும் போதுமா என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. கொடியன்குளத்தில் வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த பணத்தில் காரை வீடுகள் எழுந்தன. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஏறத்தாழ 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். டிவி, மின்விசிறி உடைந்தன. பாஸ்போர்ட்டுகளைக்கூட விடவில்லை. கீழ்வெண்மணியில் ஓலை எரிந்தது, இங்கே கான்கிரீட் அடி வாங்கியது.

அதற்காக வார்ப்பு முறையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ரூர்க்கி கட்டட ஆய்வு நிறுவனம் பலகையும் உத்தரமுமாகச் சிறிய கான்கிரீட் துண்டுகளைக் கொண்டு கூரை போடும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஒரு பலகையை நான்கைந்து பேர் கையால் தூக்கி வைத்துவிடலாம், கிரேன் வேண்டாம். ஊரிலேயே அச்சு வைத்து வார்க்கலாம், பெண்களும் கற்றுக்கொள்ளலாம். 1980களில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரா இப்படிப்பட்ட முறைகளுக்குத்தான் பயிற்சி கொடுத்தது. கொல்லம் ஒன்றும் தொலைவில்லை, செங்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடும். நம் ஊர்க் கிராம சபையில் தொகுப்பு வீடு பற்றிய பேச்சு வரும்போது இதைக் கேட்போம். இருக்கும் நத்தத்துக்கு அவரவர் பெயரில் பட்டா கொடுத்துவிட்டா கட்டப் போகிறார்கள் என்பதை அதற்கும் முன்னால் கேட்போம்.