வயசான நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதா?

‘வயசாகிடுச்சு, அதான்’ என்று விட்டுடாதீங்க. உங்கள் செல்லம் ஓயாமல் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து, வயிறு தொங்கி, முடியும் கொட்டினால் ‘குஷிங்’ நோயாக இருக்கலாம். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் ஹார்மோனை அதிகமாகச் சுரப்பதுதான் பிரச்னை.

ஒருநாள் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்க. 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், கால்நடை மருத்துவரிடம் போங்க. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறிலும் இப்படித் தாகம் எடுக்கும் என்பதால், முதலில் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை. அடுத்து, டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, 4 மற்றும் 8 மணி நேரம் கழித்து கார்ட்டிசால் குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும்; வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள்.

அரிப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்க. அதுவே இந்த அறிகுறிகளைக் கொண்டுவரும். ஆனால், மாத்திரையை நீங்களாகச் சட்டென நிறுத்திடாதீங்க... உயிருக்கே ஆபத்தாகலாம்!